குப்பை இல்லாத வீடு

ஒரு தீக்குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கலாம் என்பதே எனக்குப் பத்தொன்பது வயதில்தான் தெரிந்தது. பிளந்து காட்டியவர் பக்கத்து வீட்டு அக்கா. கடல் தாண்டி, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் நான் புதுப்பெண்ணாக வந்து இறங்கிய மூன்றாம் நாள், அடுப்புப் பற்றவைக்கத் தீப்பெட்டி கேட்டுப் போனேன். அக்கா பெட்டியைத் தரவில்லை. ஒரே ஒரு குச்சியை எடுத்தார். புருஷனின் பழைய சவர பிளேடை அதன் தலையில் வைத்து லேசாக ஒரு தட்டு. குச்சி மருந்தோடு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதியை என் கையில் கொடுத்துவிட்டு மறுபாதியைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார்.

"இது பத்துமாக்கா?" என்றேன்.

"காத்துக்கு முதுகைக் குடுத்துக்கொண்டு பத்த வை பிள்ளை. பத்தும்."

பற்றியது. எனக்கும் சேர்த்துப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு முழுக் குச்சி கொடுக்க மனசில்லாதவர் பக்கத்திலா வந்து குடியிருக்க வேண்டும் என்று அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரரிடம் ஒரு பாட்டம் புலம்பினேன். அவர் ஸ்டேஷன் யார்டில் பாயிண்ட்ஸ்மேன். ரயில் எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ அதற்கு மாற்றிவிடுகிற வேலை. எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். "அவங்க வீட்டுல பத்துப் பேரு. வேற எப்படிக் காலந்தள்ளுவாங்க?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

பத்துப் பேரையும் எண்ணி முடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. குடியிருப்பு வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. இரண்டு அறை, பின்னால் ஒரு சமையற்கட்டு, வாசலில் ஒரு மரக் குப்பைப்பெட்டி. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் கூரையைத் தொடாத ஒரு பலகைத் தடுப்பு. அந்த வீட்டில் அக்கா, அக்காவின் புருஷன், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். ஆபீஸ் பதிவேட்டில் இருந்தது இந்த நாலு பேர்தான். பதிவேட்டில் இல்லாதவர்கள் ஆறு பேர்: புருஷனின் அண்ணன், அண்ணன் மனைவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், புருஷனின் வயதான அத்தை, அக்காவின் தம்பி. ரப்பர் விலை விழுந்து, கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆள் குறைத்தபோது, அண்ணன் குடும்பம் ஒரு தகரப்பெட்டியோடு வந்து சேர்ந்ததாம். வேலையாளும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளும் தவிர வேறு யாரும் குடியிருப்பில் தங்கக் கூடாது என்பது சட்டம். தெரிந்தால் மொத்தக் குடும்பமும் வெளியே போக வேண்டியதுதான். வரிசையில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். யாரும் வாய் திறந்ததில்லை.

அவர்கள் இலங்கையில் புத்தளம் பக்கத்துக்காரர்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் போர்த்துக்கீசியர்களும் ஒல்லாந்தர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து சிப்பாய்களாகவும் அடிமைகளாகவும் கப்பலில் கொண்டுவந்து இறக்கியவர்களின் வழி. வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். எங்களோடு தமிழ் பேசுவார்கள், தங்களுக்குள் போர்த்துக்கீசு கலந்த ஒரு பேச்சும் வைத்திருந்தார்கள். சுருண்டு சுருண்டு படிந்த முடி, அகன்ற நெற்றி, நல்ல கறுப்பு. வரிசையில் 'காப்பிரி வீடு' என்பார்கள். அக்காவும் "நாங்கள் காப்பிரி ஆக்கள்" என்று தலை நிமிர்ந்துதான் சொல்வார். ஆனால் எங்கள் ஆட்கள் அந்தச் சொல்லைச் சொல்லும்போது உதட்டில் ஒரு கோணல் இருக்கும். என் உதட்டிலும் இருந்தது. நாங்கள் மட்டும் என்ன தந்தத்தில் கடைந்தா வந்திருந்தோம்? யார்டில் வெயில் காய்ந்த என் வீட்டுக்காரரையும் எஞ்சினில் கரி போட்டுவிட்டு வரும் அக்காவின் புருஷனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், யார் எவர் என்று முடியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அக்காவின் சிக்கனத்தைச் சொல்ல ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. அரிசி கழுவின தண்ணீரில் மீன் கழுவுவார். மீன் கழுவின தண்ணீர் பின்வாசல் மிளகாய்ச் செடிக்குப் போகும். மீன் முள்ளைச் சுட்டு இடித்து அதையும் செடிக்கே வைப்பார். வாழைக்காய்த் தோல் வறுவலாகும். தேங்காய் நார் பாத்திரம் தேய்க்கும், மிச்சம் அடுப்பெரிக்கும். சிரட்டை அகப்பையாகும், கிண்ணமாகும். சட்டை ஒன்று வாங்கினால் அது புருஷன் மேலே ஆரம்பித்து, காலர் கிழிந்ததும் திருப்பித் தைக்கப்பட்டு, பிறகு மூத்த பையனுக்கு இறங்கி, இளையவனுக்கு இறங்கி, தலையணை உறையாகி, கைப்பிடித் துணியாகி, கடைசியில் விளக்குத் திரியாக எரிந்து போகும். எரிந்த பிறகாவது விட்டாரா என்றால், அந்தக் கரியைத் தொட்டுத்தான் அத்தைக் கிழவி பல் விளக்குவாள்.

வீட்டில் இருந்தது ஐந்து பீங்கான் தட்டு. பிள்ளைகள் முதலில், ஆம்பிளைகள் அடுத்து, பெண்கள் கடைசியில். தட்டு காய்வதற்குள் அடுத்த கை நீளும். ஒரே ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. அதை எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த பலகைத் தடுப்பின் உச்சியில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். அப்படித் தொங்கவிட்டால் அவர்கள் வீட்டுக்குள் முழுசாக வெளிச்சம் விழாது. நான்கூட ஒருநாள் கேட்டேன், "ஏங்க்கா இவ்வளவு உசரத்துல?" என்று.

"தாழ்த்தினா எங்கட பக்கம் மட்டும்தானே விழும்? எரியிற எண்ணெய் எரியத்தான் போகுது. உன்ட பக்கமும் விழட்டும்."

அந்த வெளிச்சத்தில்தான் நான் ஒரு வருஷம் சோறு தின்றேன். அப்படியும் அவரைக் கஞ்சம் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். மனுஷ புத்திதானே.

புருஷனும் அவருக்கு ஏற்ற ஆள். சரக்கு ரயில் எஞ்சினில் ஃபயர்மேன். பூட்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெறுங்காலோடு வேலைக்குப் போவார். ஷெட் வாசலில் போட்டுக்கொண்டு, திரும்பும்போது அதே வாசலில் கழற்றிவிடுவார். கரியை அள்ளி அள்ளிக் கொட்ட மாட்டார். கொஞ்சமாக, பரப்பிப் பரப்பிப் போடுவார். ரயில் குடியிருப்பைத் தாண்டும்போது புகை வெள்ளையாகப் போனால், "எங்கட அவர் போறார்" என்பார் அக்கா. கரும்புகை கக்கிக்கொண்டு போனால் அது வேறு யாரோ. புருஷனைப் பார்த்து அவர் பெருமைப்பட்டதை நான் கண்டது அந்த வெள்ளைப் புகையில் மட்டும்தான். மற்றபடி பேச்சையும் அவர்கள் கணக்காகவே செலவழித்தார்கள்.

ஆனால் ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. தீக்குச்சியைப் பிளக்கிற அந்த வீட்டில், எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகும் சட்டியில் ஒரு கை சோறு இருக்கும். தினமும் இருக்கும். யாராவது வந்தால் அவர்களுக்கு. யாரும் வராவிட்டால் மறுநாள் காலையில் பத்தாக உருட்டி ஆளுக்கு ஒரு வாய். பங்கு வைக்கும்போதெல்லாம் சட்டியைச் சாய்த்துப் பார்த்து, "இன்னும் ஒராளுக்குக் காணும்" என்பார். அவர் ஊரில் 'காணும்' என்றால் போதும் என்று அர்த்தம். அண்ணன் குடும்பம் வந்து நின்ற அன்றும், தம்பி வந்து நின்ற அன்றும், அத்தை வந்து நின்ற அன்றும் அதையேதான் சொன்னாராம். அப்படித்தான் நாலு பேர் பத்துப் பேரானார்கள்.

ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை அந்த ஒருவர் பங்கு பின்வாசல் வழியாக எனக்கும் வந்தது. எந்தக் கை சமைத்ததோ என்று காக்கைக்குப் போட்டேன். இதையெல்லாம் ஒளிக்காமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வருஷம் எனக்கு ஆறாம் மாதம் கருக் கலைந்தது. ஊரில் அம்மா, அக்கா தங்கை என்று இருந்தால் மடியில் தலை வைத்து அழுதிருக்கலாம். இங்கே யார்? என் வீட்டுக்காரர் இரண்டு நாள் லீவு போட்டு, கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அதே வாரம் பலகைக்கு அந்தப் பக்கம் அண்ணன் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பதினோராவது ஆள்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு ஞானஸ்நானம். கோயிலிலிருந்து வந்ததும் பாட்டு. மேளமெல்லாம் காசு கொடுத்து வாங்குகிற வீடா அது? இரண்டு கரண்டி, ஒரு வெறும் போத்தல், இரண்டு சிரட்டை, கவிழ்த்த உரல். அவ்வளவுதான் வாத்தியம். அதில் எப்படித்தான் அந்தத் தாளம் வந்ததோ, கிழவிகூட எழுந்து ஆடினாள் போலிருக்கிறது, பலகை அதிர்ந்தது. அவர்களுக்கே பாதி அர்த்தம் தெரியாத பாட்டு, திரும்பத் திரும்ப அதே இரண்டு வரி, போகப் போக வேகம். நடுவில் குழந்தை வீறிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டேன். பதினோரு பேர் இருக்கிற வீட்டுக்கு மேலும் மேலும் கொடுக்கிற சாமி, இரண்டு பேர் இருக்கிற வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போகுமா? ஆத்திரம் கண்ணை மறைத்தது.

மறுநாள் காலை அக்காவிடம் போய், "அம்மாவுக்குக் காயிதம் எழுதணும். தாள் இருந்தா குடுங்கக்கா" என்றேன். குரல் எப்படி அவ்வளவு சாதாரணமாக வந்தது என்று தெரியவில்லை.

அக்கா தகரப்பெட்டியைத் திறந்தார். புருஷன் ஷெட்டிலிருந்து கொண்டுவந்த, ஒரு பக்கம் அச்சடித்த பழைய சரக்கு நமூனாப் படிவங்கள். மறுபக்கம் வெறுமை. ஒவ்வொன்றாகப் பார்த்து, மூலையில் எஞ்சின் பொறி விழுந்து மொச்சைக் கொட்டை அளவு பொத்தலான ஒரு தாளை எடுத்து நீவிக் கொடுத்தார்.

"மூலைதான் பழுது. மிச்சம் நல்ல தாள். வடிவா எழுது. அம்மாவைக் கேட்டதாச் சொல்லு."

ஐந்தாம் வகுப்புப் படிப்பு எனக்கு அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. பொத்தலைச் சுற்றி வளைத்து வளைத்து எழுதினேன். இன்ன எண் வீட்டில் பதிவேட்டில் நாலு பேர், இருப்பது பதினோரு பேர், அக்கம்பக்கம் குடியிருக்க முடியவில்லை, ஐயா வந்து பார்க்க வேண்டும். கையெழுத்துப் போடவில்லை. குடியிருப்பு ஆபீஸ் வாசலில் மனுப் போடுகிற பெட்டியில் போட்டுவிட்டு, பாசாருக்குப் போய்க் கீரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். கீரையை ஆய உட்கார்ந்தபோதுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. திரும்ப எடுக்க முடியாது. பெட்டிக்குப் பூட்டு.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். பதினோராம் நாள் காலை, வரிசையின் கோடியில் தொப்பி தெரிந்தது. குடியிருப்பைப் பார்க்கிற துரை, பின்னால் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, எங்கள் தமிழாள், கையில் பதிவேடு. ஆம்பிளைகள் எல்லோரும் வெளியே. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அத்தை தினமும் போல் கோயில் பெருக்கப் போயிருந்தாள். அண்ணன் மனைவி ஒரு வீட்டில் துணி துவைக்கப் போயிருந்தாள். அந்த வீட்டில் இருந்தது அக்காவும் நாற்பது நாள் குழந்தையும் மட்டும். நாற்பது வயது தாண்டிய பெண் கையில், பதிவேட்டில் இல்லாத ஒரு பச்சைக் குழந்தை. அது ஒன்று போதும், குட்டு உடைவதற்கு.

என் பின்வாசல் கதவு திறந்தது. அக்கா. தட்டவில்லை, கேட்கவில்லை. குழந்தையை என் கையில் திணித்தார்.

"பிள்ளை, துரை வாறான். கொஞ்சம் வச்சிரு."

போய்விட்டார். என் வாழ்நாளில் அப்படி ஒரு கனம் நான் தூக்கியதில்லை. குழந்தை பால் வாசனையோடு என் கழுத்தில் மூக்கைத் தேய்த்தது. பலகைக்கு அந்தப் பக்கம் பூட்ஸ் சத்தம். கிராணி கேட்கிறார், அக்கா பதில் சொல்கிறார். பாய் எத்தனை, நாலு. தட்டு எத்தனை, ஐந்து. அதற்குப் பிறகு பூட்ஸ் என் வாசலில் நின்றது.

"பக்கத்து வீட்டுல எத்தனை பேரும்மா?" என்று கிராணி கேட்டார். கையில் என் தாள்.

"நாலு பேரு."

"இது யாரு கொழந்தை?"

சுருட்டை முடி தெரியாமல் முந்தானையால் தலையை மூடினேன். "என்னுது" என்றேன்.

"பதிவுல இல்லையே?"

"இனிமேதாங்க எழுதணும். இப்பத்தான் பொறந்துச்சு."

சொல்லும்போதே கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. பிள்ளை பெற்ற உடம்பு என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, கிராணி மேற்கொண்டு கேட்கவில்லை. துரை திரும்பி நடந்தார். நடந்தவர் என் வாசல் குப்பைப்பெட்டியைத் தடியால் திறந்தார். தேங்காய் மட்டை, கீரைத் தண்டு, தோல், உமி, பழைய சோறு. விளிம்புவரை. அடுத்து அக்காவின் பெட்டியைத் திறந்தார். உள்ளே நாலு மீன் செதில். இன்னும் குனிந்து பார்த்தார். வேறு ஒன்றுமே இல்லை. துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏதோ இங்கிலீஷில் சொன்னார். கிராணி எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக அதைத் தமிழில் சொன்னார்.

"ரெண்டு பேரு வீட்டுல பெட்டி ரொம்பி வழியுது. பதினோரு பேரு இருக்கறதா எழுதின வீட்டுல பெட்டியே காலி. எழுதினது எவனோ பொறாமை புடிச்சவன்னு துரை சொல்றாரு."

துரை அந்தத் தாளை வாங்கிக் கசக்கி, அக்காவின் குப்பைப்பெட்டியில் எறிந்துவிட்டுப் போனார். நான் ஜன்னல் இடுக்கில் நின்று பார்த்தேன். தொப்பி வரிசையின் கோடியைத் தாண்டியதும் அக்கா பெட்டிக்குள் கை விட்டுத் தாளை எடுத்தார். எடுக்காமல் விடுவாரா? தொடையில் வைத்து நீவினார். அக்காவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அந்த ஒரு நினைப்பில் எனக்கு மூச்சு வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்வாசலுக்கு வந்தார். குழந்தையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கதவைப் பிடித்தபடி என்னையும் குழந்தையையும் பார்த்துக்கொண்டே நின்றார். அவ்வளவு நேரம் எதையும் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை அவர்.

"என்னுது எண்டு சொன்னியோ?"

தலையாட்டினேன்.

"அப்ப வச்சிரு. பின்னேரம் வந்து எடுக்கிறன்."

அன்றிலிருந்து தினமும் அண்ணன் மனைவி துவைக்கப் போகும் நேரமெல்லாம் குழந்தை என்னிடம்தான். அன்று மத்தியானம் அந்த ஒருவர் பங்கும் வந்தது. காக்கைக்குப் போடவில்லை. தட்டை வழித்துத் தின்றேன். தின்றுகொண்டே அழுதேன். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விடுவாரோ என்று தினமும் வாயை மூடிக்கொள்வேன். வருஷம் திரும்பி எனக்கு ஒரு மகன் பிறந்தான். அவனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியவர் அக்காதான், அளந்து மூன்று செம்புத் தண்ணீரில். அப்போதும் நான் சொல்லவில்லை. என் குப்பைப்பெட்டி மட்டும் மாதத்துக்கு மாதம் காலியாகிக்கொண்டே வந்தது.

பிறகு ரயில்வேயிலும் ஆள் குறைத்தார்கள். அக்காவின் புருஷன் பெயரும் பட்டியலில் இருந்தது. வேலை போனால் வீடும் போகும். எல்லோரும் புத்தளத்துக்கே திரும்புவது என்று முடிவாயிற்று. புறப்படுவதற்கு முந்தின நாள் பின்னேரம், அக்கா ஒரு பொட்டலத்தோடு வந்தார். பழைய தாளில் மடித்து நூல் சுற்றியிருந்தது.

"கொச்சிக்காய் விதை. என்ட செடியில எடுத்தது. உன்ட பின்வாசல்ல போடு."

"சரிக்கா."

போனவர் திரும்பினார். "விதையை எடுத்தாப் பிறகு தாளை அடுப்பில போட்டுடு. வச்சிராதே."

எனக்கு ஆச்சரியம். இத்தனை வருஷத்தில் எதையாவது வைத்துக்கொள்ளாதே என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. நூலைப் பிரிப்பதற்குள் மிளகாய் விதை ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. பிறகு இன்னொன்று. தாளின் மூலையில் ஒரு பொத்தல். கருகிய விளிம்பு, மொச்சைக் கொட்டை அளவு. அதற்கு மேல் நான் பிரிக்கத் தேவையே இல்லை. பிரித்தேன். பொத்தலைச் சுற்றி வளைத்து வளைத்து எழுதிய என் எழுத்து.

அவருக்கு வாசிக்கத் தெரியாது என்றல்லவா நிம்மதியாக இருந்தேன்? தன் தகரப்பெட்டியில் இருந்த ஒவ்வொரு தாளையும் அறிந்தவருக்கு வாசிக்க எதற்குத் தெரிய வேண்டும்? துரை எறிந்த அந்த நிமிஷமே தெரிந்திருக்கிறது. தெரிந்த பிறகுதான் என் பின்வாசலில் வந்து நின்றிருக்கிறார். தெரிந்த பிறகுதான் குழந்தையை என்னிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் மகனை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, வழியனுப்புகிற சாக்கில் நானும் அவர்களோடு ரயில் ஏறினேன். போர்ட் சுவெட்டன்ஹாம் வரை போய், கப்பல் ஏற்றிவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பலாம். பதினோரு பேரும் இரண்டு பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள். நான் வளர்த்த சின்னவள் என் மடியில். தாள் என் இடுப்பில் செருகியிருந்தது. ரப்பர் மரங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு ஸ்டேஷனாக, அடுத்ததில் சொல்லலாம், அடுத்ததில் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். கிள்ளான் பாலத்தில் ரயில் தடதடத்தபோது, அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு சொன்னேன்.

"அக்கா, அதை எழுதினது நான்தான்."

"தெரியும் பிள்ளை. அண்டைக்கே தெரியும்."

"தெரிஞ்சும் கொழந்தையை எங்கிட்ட விட்டுட்டுப் போனீங்களே."

அக்கா சின்னவளின் சட்டையில் தளர்ந்திருந்த ஒரு பொத்தானைத் திருகிப் பார்த்தார். "எழுதினதும் நீ. என்னுது எண்டு சொன்னதும் நீ. ரெண்டையும் வச்சிருக்க எங்கட வீட்டில எங்க இடம்? ஒண்டைத்தான் வச்சிருந்தன்."

"அப்ப தாளை ஏன் வச்சிருந்தீங்க?"

"தாள் என்ன பாவம் செய்தது? நல்ல தாள்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தது.

"உன்ட மகன் நாளைக்குப் பள்ளிக்கூடம் போவான்," என்றார் அக்கா. "எழுத்துக் கூட்டி வாசிப்பான். அம்மாட எழுத்தெண்டு கண்டுபிடிப்பான். அதுக்குத்தான் சொன்னது. எரிச்சியோ?"

"எரிச்சிட்டேன்க்கா" என்றேன். இடுப்பில் தாள் குத்தியது.

அவர் நம்பினாரா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. காலுக்கடியில் இருந்த சட்டியைத் தூக்கி மடியில் வைத்து மூடியைத் திறந்தார். தேங்காய்ச் சோறு. பிள்ளைகள், ஆம்பிளைகள், கிழவி என்று வாழையிலைத் துண்டுகளில் பங்கு போனது. எல்லோருக்கும் வைத்து முடித்ததும் வழக்கம்போலச் சட்டியைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னும் ஒராளுக்குக் காணும்."

இலையை நீட்டினேன்.

கப்பல் போய்விட்டது. அதற்குப் பிறகு அக்காவை நான் பார்க்கவில்லை. அன்று பொழுது சாய நான் பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தேன். பக்கத்து வீட்டில் பூட்டு தொங்கியது. வாசலில் குப்பைப்பெட்டி திறந்து கிடந்தது; குனிந்து பார்த்தேன், வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன பிறகும் அதில் ஒன்றும் இல்லை. உள்ளே போய், தாளை இடுப்பிலிருந்து எடுத்து அடுப்பில் வைத்தேன். என் வீட்டுக்காரரின் சவர பிளேடைத் தேடி எடுத்து, ஒரு தீக்குச்சியின் தலையில் வைத்துத் தட்டினேன். முதல் தடவையிலேயே நேராகப் பிளந்தது. ஒரு பாதியால் தாளைக் கொளுத்தினேன். மறுபாதியைப் பெட்டிக்குள் போட்டேன்.